கண்ணாடித் தொட்டிக்குள் கடல் வேட்டைக்காரர்கள்

மும்பையில் கிராபோர்டு மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், அங்குள்ள வண்ண மீன் கடைகளின் முன் இரண்டு நிமிடமாவது நிற்காமல் வருவதில்லை. தங்க மீன், கப்பி, ஏஞ்சல் எல்லாம் நமக்குப் பழகியவை. தாராவியிலும் செம்பூரிலும் எத்தனையோ வீடுகளில் டி.வி. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறு தொட்டி இருக்கிறது. இங்கே சொல்லப்போவது அவற்றைப் பற்றி அல்ல.

கடல் மீன், அதிலும் மற்ற மீன்களைப் பிடித்துத் தின்னும் பெரிய மீன்கள்: சிங்க மீன், கலவா, கிளாத்தி, அஞ்சாலை. இவற்றை வீட்டில் வளர்க்கும் மோகம் வசதி படைத்தவர்கள் சிலரிடம் இருக்கிறது. தொட்டி அவர்களுடையது. அதைக் கழுவி, தண்ணீர் மாற்றி, தீனி போடுவது பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். வாரம் ஒரு முறை வாளியும் ரப்பர் குழாயுமாக வந்து போகும் 'சர்வீஸ்' பையன்கள், வீட்டு டிரைவர், சமையல்காரர். மீன் செத்தால் முதல் கேள்வி இவர்களிடம்தான் வரும். ஆனால் இந்த மீன்கள் பட்டினியால் சாவது அபூர்வம். அதிகம் தின்று, தின்றதன் கழிவிலேயே மூச்சுத் திணறிச் சாவதுதான் வழக்கம்.

மூன்று அங்குலம் மூன்று அடியாகும்

கலவா இனத்தில் ஒன்று, வெள்ளை உடம்பில் கறுப்புப் பொட்டு வைத்தாற்போல் இருக்கும். கடைக்கு வரும்போது மூன்று அங்குலம். குழந்தைகள் விடமாட்டார்கள், வாங்கித் தந்தே ஆகவேண்டும். அது முழு வளர்ச்சி அடைந்தால் 70 சென்டிமீட்டர் வரை போகும். சிவப்பில் வெள்ளைப் பட்டை போட்ட செப்பிலிக் குஞ்சு இன்னும் அழகு. அது வளர்ந்தால் ஒரு மீட்டர். சிங்க மீன் இவற்றோடு பார்த்தால் சிறியது. ஒன்றே கால் அடி.

இவற்றை இரண்டடித் தொட்டியில் வைப்பது, மாலை ஆறு மணி விரார் லோக்கலில் ஒருவரை ஆயுள் முழுக்க நிற்க வைப்பதற்குச் சமம்! "தொட்டிக்குத் தகுந்தபடிதான் மீன் வளரும்" என்று சில கடைகளில் சொல்வார்கள். நம்பவேண்டாம். குறுகிய தொட்டியில் கெட்ட தண்ணீரில் கிடக்கும் மீன் வளர்ச்சி குன்றி, நோயில் விழுந்து, ஆயுள் முடியுமுன் சாகிறது. அதைத்தான் 'தொட்டிக்குத் தகுந்த அளவு' என்கிறார்கள்.

சிங்க மீனுக்கே 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டி இருந்தால்தான் திரும்பி நீந்த வசதி. அதில் ஏறக்குறைய 565 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டும் 580 கிலோ. கண்ணாடி, கல், இரும்பு ஸ்டாண்டு சேர்ந்தால் முக்கால் டன் எடை, பத்துச் சதுர அடி இடத்தில். பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இதை வைக்குமுன் என்ஜினீயர் ஒருவரைக் கேட்பது கீழ் வீட்டுக்காரருக்குச் செய்யும் மரியாதை.

கடல் தண்ணீர் எங்கிருந்து?

மெரீன் டிரைவில் கடல் இருக்கிறதே, ஒரு குடம் மொண்டால் போதாதா என்று தோன்றும். நகரத்துச் சாக்கடை கலக்கும் கரையோரத் தண்ணீர் அது. மழைக்காலத்தில் உப்பும் குறைந்துவிடும். தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவையைக் குழாய்த் தண்ணீரில் குளோரின் போக்கிக் கரைப்பதே நல்லது. சமையல் உப்பு ஆகாது. கடல் நீரில் உள்ள மெக்னீசியமும் கால்சியமும் அதில் இல்லை. லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் மேலே சொன்ன தொட்டிக்கு 20 கிலோ உப்பு வேண்டும். ஹைட்ரோமீட்டர் என்ற சிறு கருவியில் 1.020-க்கும் 1.025-க்கும் இடையே காட்டவேண்டும்.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று. வெயிலில் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கும். உடனே உப்புத் தண்ணீரை ஊற்றுவார்கள். போனது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே இருக்கிறது. எனவே ஊற்றவேண்டியது குளோரின் போக்கிய நல்ல தண்ணீர். இது தெரியாமல் மாதக் கணக்கில் உப்பேற்றிய தொட்டிகள் உண்டு.

ஏப்ரல், மே மாதங்களில் இன்னொரு தொல்லை. தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். பெரிய மீனுக்கோ பிராணவாயு அதிகம் தேவை. 25, 26 டிகிரியில் வைக்கக் குளிர்விக்கும் யந்திரம் வேண்டியிருக்கும். மின்சாரம் நின்றால் ஓட பாட்டரி காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

மாமிசம் தின்னும் மீன் தன் கழிவை அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. பெரும்பகுதி செவுள் வழியாகவே போகிறது. அம்மோனியா மீனுக்கு விஷம். தொட்டியின் கல்லிலும் வடிகட்டியிலும் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் விஷமே, நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. இந்தப் பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டி வாங்கிய மறுநாளே மீனை விடுவது, அடுப்பு மூட்டாமல் இலை போட்ட கதை!

மிஞ்சும் நைட்ரேட்டைக் குறைக்கத் தண்ணீரை மாற்றுவதே எளிய வழி. ஐந்தில் ஒரு பங்கு என்றால் சுமார் 113 லிட்டர், 4 கிலோ உப்பு. இதற்குச் சோம்பல்பட்டால் எந்த மருந்தும் உதவாது. 'ஸ்கிம்மர்' என்ற கருவி, கழிவை நுரையாக்கி வெளியே தள்ளும். வேட்டை மீன் தொட்டிக்கு அது ஆடம்பரம் அல்ல, அவசியம்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள்

இனி தீனி. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதலாளிக்குத் தன் மீனின் வீரத்தைக் காட்ட ஆசை. "ஒன்று போடு" என்பார். சிங்க மீன் செட்டையை விரித்து, மெல்ல நெருங்கி, கண் இமைக்குமுன் விழுங்கும். விருந்தாளிகள் கை தட்டுவார்கள். "இன்னொன்று!" அதற்கு வயிறு விரிந்துகொடுக்கும், சிங்க மீனின் இரைப்பை முப்பது மடங்கு வரை விரியக்கூடியது. ஆகவே "வேண்டாம்" என்று அது சொல்லாது. கடலில் அடுத்த இரை என்று கிடைக்குமோ என்று கிடைத்ததை விழுங்கப் பழகிய பிராணி. இங்கே இரை தினமும் வருகிறது. ஓடிப் பிடிக்கும் வேலையும் இல்லை. ஈரலில் கொழுப்பு ஏறி, வெளியே ஒரு காயமும் இல்லாமல் ஒரு நாள் காலையில் செத்துக் கிடக்கும்.

வளர்ந்த சிங்க மீனுக்கும் அஞ்சாலைக்கும் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று வேளை போதும். குஞ்சுகளுக்குத்தான் கொஞ்சம் அடிக்கடி, சிறிது சிறிதாகப் போடவேண்டும். அஞ்சாலை சில சமயம் வாரக் கணக்கில் வாய் வைக்காது. தண்ணீர் சரியாக இருந்தால் பயப்படவேண்டியதில்லை.

எதைப் போடுவது? மலிவாகக் கிடைக்கும் உயிருள்ள தங்க மீனைப் போடும் பழக்கம் கெட்டது. நன்னீர் மீனில் கடல் மீனுக்கு வேண்டிய கொழுப்புச் சத்து இல்லை. தங்க மீனில் உள்ள ஒரு பொருள் பி1 வைட்டமினையும் அழித்துவிடுகிறது. போதாததற்கு நோயும் வந்து சேரும். இறால், கணவாய், சதைப்பற்றுள்ள கடல் மீன் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் போடவேண்டும். ஒரே தீனியைத் தொடர்ந்து போடக்கூடாது. மத்தியும் அயிலையும் நமக்கு ருசி. தொட்டியிலோ எண்ணெய் மிதந்து தண்ணீர் கெடும். கிளாத்திக்கு ஓட்டோடு சிப்பியோ நண்டோ கொடுத்தால் நல்லது. அதன் பல் வளர்ந்துகொண்டே இருக்கும்; கடித்துத் தேயவேண்டும்.

செத்த இரையைத் தொடாத சிங்க மீனுக்கு, நீளக் குச்சியில் இறாலைக் குத்தி உயிருள்ளதுபோல் அசைத்துக் காட்டினால் சில நாட்களில் பழகிவிடும். மிச்சத்தைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்துவிடவேண்டும்.

தொட்டி பார்ப்பவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு எழுதி வைப்பது நல்லது: தேதி, உப்பு அளவு, மாற்றிய தண்ணீர், போட்ட தீனி, போடச் சொன்னது யார். ஆபீஸ் ரிஜிஸ்டர் போல. விருந்துக்கு மறு வாரம் மீன் மல்லாந்தால் வாய் வார்த்தைக்கு மதிப்பில்லை, எழுத்துக்கு உண்டு.

கையை விடுமுன்

சிங்க மீனின் முதுகில் 13 முள், அடியிலும் சில. எல்லாம் விஷ முள். கெளுத்தி முள் குத்தியவர்களுக்கு வலி தெரியும். இது அதைவிடக் கடுமை என்பார்கள். குத்திவிட்டால் கையைப் பொறுக்கக்கூடிய அளவு சூடான வெந்நீரில், சுமார் 45 டிகிரி, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைக்கவேண்டும். அந்த விஷம் சூட்டில் செயலிழக்கும். வெந்நீரின் சூட்டை மற்றக் கையால் பார்க்கவேண்டும். குத்துப்பட்ட கைக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். பிறகு டாக்டர். மூச்சு முட்டினால் வெந்நீருக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

அஞ்சாலை வாயைத் திறந்து திறந்து மூடுவது கோபத்தால் அல்ல. அது மூச்சு விடும் முறை. ஆனாலும் பார்வை மங்கல். வாசனை பிடித்தே இரை தேடும். இறால் வாசனை வீசும் விரலும் அதற்கு இறால்தான். கவ்விய இரையை உள்ளே இழுக்கத் தொண்டையில் இரண்டாவது தாடை ஒன்று இருப்பதை 2007-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் வேகப் படக் கருவியால் பார்த்துச் சொன்னார்கள். எனவே இடுக்கி இல்லாமல் தீனி போடக்கூடாது. தொட்டிக்குக் கனமான மூடியும் வேண்டும். சிறு இடைவெளி கிடைத்தாலும் நழுவி வெளியே விழும்.

உப்புத் தண்ணீரில் மின்சாரம் எளிதில் பாயும். கையை விடுமுன் பிளக்குகளைக் கழற்றவேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ரவை தூவினாற்போல்

புது மீன் உடம்பில் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றினால் அது ஒட்டுண்ணி நோய். நான்கைந்து நாளில் புள்ளி மறையும். குணமாகிவிட்டது என்று மகிழ்வார்கள். உண்மையில் அது தரையில் விழுந்து, பெருகி, கூட்டமாகத் திரும்பி வரும். ஆகவே புது மீனை நான்கு வாரத்துக்குக் குறையாமல் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பதே வழி. செம்பு கலந்த மருந்தை அங்கேதான் கொடுக்கவேண்டும். பெரிய தொட்டியில் ஊற்றினால் நண்டும் இறாலும் சாகும். சுறாவும் திருக்கையும் அதைத் தாங்கா.

ஊரிலிருந்து பவளம் வேண்டாம்

தொட்டிக்கு அழகு என்று ராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பவளக் கல் கொண்டுவரச் சொல்வார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் கடல் தேசியப் பூங்கா ஆயின. பவளமும் கடல் குதிரையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்ந்தன. ரயிலில் சூட்கேசைத் திறந்தால் மாட்டுவது கேட்டவர் அல்ல, கொண்டுவந்தவர்.

மீன் தொட்டிக்கு மீறி வளர்ந்துவிட்டால் கடலில் விட்டுவிடலாமே என்று நினைப்பவர்களும் உண்டு. நம் இந்து மகாசமுத்திர, பசிபிக் பக்கத்துச் சிங்க மீன் 1985-இல் அமெரிக்காவின் புளோரிடா கடலில் முதன்முதலாகத் தென்பட்டது. தொட்டி வைத்திருந்தவர்கள் விட்டதே காரணம் என்று கருதப்படுகிறது. அங்கே அதைத் தின்ன ஆள் இல்லை. இன்று கரிபியன் தீவுகள் முழுவதும், தெற்கே பிரேசில் வரை பரவி, அங்குள்ள சிறு மீன்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது. இங்கே நம் கடல் மீனேயானாலும், தொட்டி நோயைச் சுமந்து போகும்.

வளர்ந்த மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைக்காரர்கள் சிலர் உண்டு. பாதி விலைகூடக் கிடைக்காது. எடுத்துக்கொள்வாரா, என்ன அளவு வரை எடுத்துக்கொள்வார் என்பதை மூன்று அங்குலக் குஞ்சை வாங்கும்போதே கேட்டு, பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.