கடைக்குள் ஒரு கம்பி இடம்

தேக்கா நிலையத்தின் மாடியில், சேலைக் கடைகளுக்கு நடுவே ஒரு சனிக்கிழமை காலை நானும் அக்காவும் இரண்டு பெரிய பைகளுடன் நின்றோம். உள்ளே இருபது உடைகள். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையை வெட்டி, சிங்கப்பூர் வெயிலுக்கு ஏற்றவாறு முழங்கால் அளவில், இரு பக்கமும் பாக்கெட் வைத்துத் தைத்தவை. ஒரு சேலைக்கு இரண்டு உடை. கரை சரியாகக் கீழ் விளிம்பில் வரும். (பாக்கெட் இருக்கிறது என்றால் என் அலுவலகத் தோழிகள் விலையைக்கூடக் கேட்பதில்லை.)

கடைக்கார அம்மா ஓர் உடையை எடுத்தார். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராக உள்பக்கம் திருப்பி, தையலோரத்தை விரலால் அளந்தார்.

“பிரிச்சு விட உள்ளே துணியே இல்லையேம்மா. வாங்கிட்டுப் போறவங்க நாளைக்கு எதிர்ல இருக்கிற டெய்லர்கிட்டதான் வந்து நிப்பாங்க. அவரு என்ன செய்வாரு?”

அதுவரை எங்கள் வியாபாரம் வீவக வீட்டு வரவேற்பறையில்தான் நடந்தது. தீபாவளிக்கு முன் தோழிகளும் உறவினர்களும் வந்து வாங்குவார்கள். யாரும் குறை சொன்னதில்லை. சித்தியும் அத்தையும் எப்படிச் சொல்வார்கள்?

பக்கத் தையலில் ஓரங்குலம் கூடுதலாக விட்டுத் தைத்து, ஆர்ச்சர்ட் பக்கம் ஒரு சிறிய கடைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த இளம்பெண்ணும் உடையை உள்பக்கம் திருப்பினார். “தையல் தடிமனாக இருக்கிறதே” என்றார். ஒரே அங்குலம் ஓர் இடத்தில் தேவை, இன்னோர் இடத்தில் குறை! கடைசியில் அந்த ஓரத்தைச் சுற்றி மெல்லிய பட்டி அடித்தோம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. ஓர் உடைக்கு ஒரு வெள்ளி கூடியது.

ஆனால் எங்களைத் திணறடித்தது தையல் அல்ல, கணக்குதான்.

பெரும்பாலான கடைகள் புதியவர்களிடம் துணியைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. ‘கன்சைன்மென்ட்’ முறையில் எடுத்துக்கொள்கின்றன. அதாவது கம்பியில் தொங்கவிட இடம் தருவார்கள். விற்றால் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். விற்காவிட்டால் திருப்பிக் கொடுப்பார்கள். எங்களிடம் கேட்கப்பட்ட பங்கு 40 விழுக்காடு. உடையின் விலை 89 வெள்ளி. எங்கள் கைக்கு வருவது 53 வெள்ளி 40 காசு. துணி, தையல் கூலி, விமானச் செலவு, வரி எல்லாம் சேர்த்து அடக்க விலை 36 வெள்ளி. மிச்சம் 17 வெள்ளி 40 காசு. அதில்தான் எங்கள் உழைப்பு, வாரயிறுதி, கிராப் கட்டணம் எல்லாம்.

இலாபம் குறைவு என்பதைவிட, காசு முடங்குவதுதான் தொல்லை. ஆறு வடிவங்கள், ஐந்து அளவுகள் என்றால் ஒரு கடைக்கு முப்பது உடைகள்: 1,080 வெள்ளி. மூன்று கடைகளுக்கு 3,240 வெள்ளி யாரோ ஒருவரின் கம்பியில் தொங்குகிறது. எங்கள் சேமிப்பு மொத்தமே 8,000 வெள்ளி. “அக்கா கல்யாணத்துக்கு வைத்த பணம்” என்று அம்மா வாரத்துக்கு ஒருமுறை நினைவுபடுத்துவார்.

வரியையும் மறந்துவிடக் கூடாது. ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் பதிவு இல்லாததால், இறக்குமதியின்போது கட்டும் 9 விழுக்காட்டைத் திரும்பப் பெறவும் வழியில்லை.

1858ல் தொடங்கிய ராபின்சன்ஸ் பேரங்காடி, 2020 அக்டோபரில் கடைகளை மூடுவதாக அறிவித்தபோது நான் அதை ஒரு ஞாபகச் செய்தியாகத்தான் படித்தேன். இப்போது படித்தால் அங்கே பொருள் வைத்திருந்தவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். விற்ற காசு கடையின் கல்லாவில் இருக்கும்போது கடை நொடித்தால், பொருள் கொடுத்தவரும் மற்ற கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

எங்களுக்கும் சிறிய அளவில் ஓர் அனுபவம். ஒரு கடையில் பதினொரு உடைகள் விற்றன. பணம் வர நான்கு மாதமானது. குற்றம் பாதி எங்களுடையது. எப்போது தர வேண்டும் என்று எழுதி வாங்கவே இல்லை. இப்போது ஒரு பக்கத் தாள் வைத்திருக்கிறோம். மாதம் எந்தத் தேதியில் கணக்கு, காணாமல் போனாலோ கறை பட்டாலோ யார் பொறுப்பு, தள்ளுபடிக்கு எங்கள் சம்மதம் வேண்டுமா, எத்தனை நாளில் திருப்பித் தருவது. தாளை நீட்டியதும் முகம் சுளித்த கடைகளுக்கு நாங்கள் போவதில்லை.

கடையை நம்பாமல் நடந்தவர்களும் உண்டு. வழக்கறிஞராக இருந்து வடிவமைப்பாளரான பிரிசில்லா சண்முகம், தாய்வழி, தந்தைவழிப் பெயர்களைச் சேர்த்து ‘ஓங் சண்முகம்’ என்று தம் ஆடைகளுக்குப் பெயரிட்டு, சொந்தக் கூடம் அமைத்தவர். பத்திக்கிலும் இந்தியத் துணிகளிலும் சியோங்சாமைப் புதிதாக்கியவர். அவர் அளவுக்கு எங்களுக்குத் துணிச்சலும் இல்லை, வாடகைக்குக் காசும் இல்லை. 2019ல் திறந்த டிசைன் ஆர்ச்சர்ட் போல உள்ளூர்ப் பெயர்களுக்கென்றே உள்ள இடத்தில் தொங்கவிட ஆசை. அதற்கு முதலில் எந்த அளவு எவ்வளவு விற்கிறது என்ற கணக்காவது கையில் வேண்டும்.

அந்தக் கணக்கைத் தந்தது தேக்கா அம்மாதான். பட்டி அடித்த உடைகளோடு மறுபடி போனபோது பன்னிரண்டை எடுத்தார். ஆறுக்கு மொத்த விலையில் அங்கேயே காசு, ஆறு விற்ற பிறகு. “பாதி என் காசு போட்டாத்தான் நான் எடுத்துக் காட்டி விப்பேன்” என்றார். மூன்றாவது வாரம் தொலைபேசியில் அழைத்தார்.

“சின்ன அளவு ஒண்ணும் போகலம்மா, எடுத்துக்க. எக்ஸ்எல் இருந்தா எட்டு கொண்டா. கறுப்பும் மஞ்சளும் மட்டும்.”

எங்களிடம் எக்ஸ்எல்லில் இருந்தவை இரண்டே இரண்டு. இரண்டும் சிவப்பு. அன்றிரவே அக்கா காரைக்குடிக்கு அழைத்தாள்.