காற்றை நம்பாத மீன்

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியின் பெரும்பகுதியில் லேக் டிரவுட் மீன்வளம் மீண்டுவிட்டதாக 2024 நவம்பரில் அறிவித்தார்கள். மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அதை 'முழு வெற்றி' என்று கொண்டாடுவது அவசரம். இந்த மீனைக் கவ்வி ரத்தம் உறிஞ்சும் கடல் லாம்ப்ரேயை ஆண்டுதோறும் ஒடுக்கிக்கொண்டே இருந்தால்தான் வெற்றி நிலைக்கும். 2020, 2021-இல் பெருந்தொற்றால் அந்தப் பணி தளர்ந்ததுமே லாம்ப்ரே பெருகிவிட்டது.

சுப்பீரியரில் லாம்ப்ரே முதலில் தென்பட்டது 1938-இல். அளவுமீறிய மீன்பிடிப்பும் சேர்ந்துகொள்ள, 1950-களில் டிரவுட் சரிந்தது. 1958 முதல் டி.எஃப்.எம். என்ற வேதிப்பொருளை ஆறுகளில் கலந்து லாம்ப்ரேயின் இளம்பருவத்தை அழிக்கிறார்கள். வரலாறு இவ்வளவு போதும். எனக்கு டிரவுட்டின் கொழுப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

இந்த ஏரியின் லேக் டிரவுட்டில் சிஸ்கோவெட் என்றொரு வகை உண்டு. பகலில் ஆழத்தில் கிடக்கும். இரவில் இரையைத் தொடர்ந்து மேலே வரும். மிதப்பதற்கு டிரவுட்டின் காற்றுப்பை மேற்பரப்பில் விழுங்கிய காற்றையே பெரிதும் நம்பியிருக்கிறது. நூறு மீட்டர் ஆழத்தில் அந்தக் காற்று பதினோரில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கொழுப்போ நீரைவிட லேசு, அழுத்தத்துக்கும் அசையாது. காற்று கைப்பணம் என்றால் கொழுப்பு தங்க நகை. விலைவாசி ஏற ஏறப் பணத்தின் மதிப்பு கரையும், நகை தாக்குப்பிடிக்கும். இரை கிடைக்காத காலத்தில் அதையே அடகு வைத்து உடம்பை ஓட்டலாம். செய்கூலியும் உண்டு: தின்ற இரையில் ஒரு பங்கு கொழுப்புக்குப் போகிறது. இந்த நகை பரம்பரைச் சொத்தும்கூட. சிஸ்கோவெட் முட்டைகளையும் கரையோரத்தில் வாழும் ஒல்லி டிரவுட் வகையின் முட்டைகளையும் பொரிக்கவைத்து, ஒரே சூழலில், ஒரே தீனியில் வளர்த்துப் பார்த்தார்கள். அப்போதும் சிஸ்கோவெட்டுக்குத்தான் கொழுப்பு கூடுதல்.

தூண்டில்காரர்களுக்கும் டிரவுட்டின் உடலமைப்பில் ஒரு நன்மை இருக்கிறது. டிரவுட்டின் காற்றுப்பை உணவுக்குழாயோடு இணைந்திருக்கிறது. ஆழத்திலிருந்து இழுக்கும்போது விரியும் காற்றை அது வாய்வழியே ஏப்பமாக விட்டுவிடும். நீரில் குமிழிகள் தெரியும். அதனால், பிடித்துத் திரும்ப விடப்படும் டிரவுட் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கொழுத்த மீன் என்றதும் ஒமேகா-3 விளம்பரம் முன்னால் வந்து நிற்கும். அதை நம்பி அளவில்லாமல் சாப்பிடக்கூடாது. பிசிபி போன்ற நச்சுகள் தங்குவதும் இந்தக் கொழுப்பில்தான். பெரிய சிஸ்கோவெட்டை அளவோடு உண்ணும்படி ஏரியைச் சுற்றியுள்ள மாநிலங்கள் எச்சரிக்கின்றன. தோலையும் கொழுப்பையும் நீக்கி, எண்ணெய் வடியும்படி சுட்டால் பிசிபி குறையும். சதையில் ஊறிய பாதரசம் அப்படியே இருக்கும்.