பந்தயக் காசும் வாக்குப் பெட்டியும்

தேர்தலில் யார் வெல்லுவார் என்று பந்தயம் பிடிப்பது பழைய விடயம். இப்போது அது பங்குச் சந்தை மாதிரி நடக்குது. இதை எதிர்வுகூறல் சந்தை என்கிறார்கள். சூது கூடாது என்பது நமக்குத் தெரியும். நான் சொல்ல வருவது, இந்தச் சந்தை பந்தயம் பிடிக்காதவர்களையும் எப்படித் தொடுகிறது என்பதை.

அது இயங்கும் விதம் லேசானது. ஒரு வேட்பாளர் வென்றால் 1 டொலர் தரும் சீட்டு, தோற்றால் ஒன்றுமில்லை. சீட்டின் விலை 60 சதம் என்றால், அவர் வெல்ல 60 சதவீத வாய்ப்பு என்று சந்தை நினைக்கிறது. 60 சதவீத வாக்குக் கிடைக்கும் என்பதல்ல. பலர் குழம்புவது இங்கேதான்.

கருத்துக்கணிப்பில் ஆளுக்கு ஒரு குரல். சந்தையில் காசுக்குத்தான் குரல்.

2012 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலைப் பாருங்கள். டப்ளினிலிருந்து நடந்த இன்ட்ரேட் சந்தையில், கடைசி இரண்டு வாரம் மிட் ரொம்னி மீது கட்டிய காசில் மூன்றில் ஒரு பங்கு ஒரே ஆளுடையது என்று டேவிட் ரொத்ஸ்சைல்ட், ராஜிவ் சேத்தி ஆகிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஒபாமா வென்றார். அந்த ஆளுக்கு ஏறக்குறைய 40 இலட்சம் டொலர் நட்டம். அவருடைய நோக்கம் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் பிரசாரச் செலவாகப் பார்த்தால் அது சில்லறைக் காசு. "நம்ம ஆள் இன்னும் போட்டியில் இருக்கிறார்" என்ற நினைப்பு, நன்கொடையாளரையும் தொண்டரையும் கலையாமல் வைத்திருக்கும்.

2024 ஒக்டோபரில் கருத்துக்கணிப்புகள் இழுபறி காட்டின. பொலிமார்க்கெட் சந்தையிலோ ட்ரம்பின் விலை 60 சதத்தைத் தாண்டியது. சுமார் 3 கோடி டொலர் கட்டிய நான்கு கணக்குகளுக்குப் பின்னால் இருந்தவர் ஒரே பிரெஞ்சுக்காரர். விலையை வேண்டுமென்றே திரிக்கும் நோக்கம் தென்படவில்லை என்றது அந்த நிறுவனம். ட்ரம்ப் வென்றார், பிரெஞ்சுக்காரருக்குப் பெரிய இலாபம்.

ஒருவர் கணிப்புப் பிழை, மற்றவர் கணிப்புச் சரி. ஆனால் வாக்களிப்புக்கு முன் விலையைப் பார்த்தவருக்கு இரண்டும் ஒன்றுதான்: தனியொருவரின் காசு, ஊரின் கருத்தாகத் தெரிந்தது.

பிழையான விலையை மற்றவர்கள் எதிர்ப்பக்கம் கட்டித் திருத்திவிடுவார்கள் என்று சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அதற்கு நாள் வேண்டும். தேர்தலோ குறித்த திகதியில் வந்துவிடும். 1988இல் அயோவா பல்கலைக்கழகம் தொடங்கிய சந்தையில் ஒருவருக்கு 500 டொலர்தான் வரம்பு. பெரிய கை ஒன்று விலையைப் பிடித்து இழுக்க அங்கே வழி குறைவு.

ஆகவே "இவர்தான் வெல்லுவார், சந்தை சொல்லுது" என்று கைபேசியில் ஒரு எண் வந்தால், அதைப் பகிர முதல் ஒன்றைக் கேளுங்கள்: அதற்குப் பின்னால் எத்தனை பேர், எவருடைய காசு?