தக்கலைக்கு 'யூ', குழித்துறைக்கு 'இசட்-எச்'... ஜப்பானிலும் இதே குழப்பம்தான்!

நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை பஸ்ஸில் போகும்போது, ஊர்ப் பலகைகளில் இருக்கிற ஆங்கில எழுத்தைக் கவனிச்சிருக்கீங்களா?

தக்கலையின் 'த'வுக்கு 'ஏ' போடாமல் 'யூ' போட்டிருப்பாங்க. 'கட்', 'பட்' என்று 'யூ'வை 'அ'வாகவே வாசிக்கிற ஆங்கிலக் காதுக்காக எழுதியது அது. அதே ரோட்டில் இன்னும் கொஞ்சம் போனால் குழித்துறை. அங்கே 'ழி'க்கு 'இசட்-எச்'. நம்ம ஆளுங்களுக்கு அது 'ழ'. லண்டன்காரருக்கு அது 'ழ' ஆகாது. ஒரே மாவட்டத்தில் ரெண்டு பலகை, ரெண்டு காது!

2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றுவதாகத் தமிழக அரசின் அரசாணை வெளியானது, ஞாபகம் இருக்கா? கிளம்பிய விமர்சனத்தில் சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள்.

ஃபுஜியா, ஹுசியா?

ஜப்பானியர்களுக்கும் இதே தலைவலிதான். 1867-ல் அகராதி வெளியிட்ட அமெரிக்க மருத்துவர் ஹெப்பர்னின் பெயரில் ஒரு முறை இருக்கிறது. காதில் விழுவதை ஆங்கிலக்காரர் வாசிக்கிற மாதிரி எழுதுவது அது. 'சுஷி'யின் 'ஷி'க்கு எஸ்-எச்-ஐ.

இன்னொன்று 'குன்ரேய்' முறை. நம்ம 'த, தி, து' வரிசை மாதிரி, ஒரு வரிசைக்கு ஒரே மெய்யெழுத்து. ஜப்பானியர் வாயில் அந்த வரிசை 'த, சி, ட்ஸு' என்று வந்தாலும், எழுத்தில் எல்லாமே 'டி'தான். இந்தக் கணக்கில் ஃபுஜி மலை 'ஹுசி' மாதிரி ஆகிவிடும்!

1954 முதல் அரசின் முதல் தேர்வு குன்ரேய். பள்ளியிலும் அதுதான். ஆனால் பாஸ்போர்ட்டிலும் ரயில் நிலையப் பலகையிலும் ஹெப்பர்ன். கடைசியில் 2025-ல் அரசும் ஹெப்பர்ன் பக்கமே சாய்ந்தது.

உங்க பேர் என்ன ஆகும்?

ஜப்பானில் வேலை, படிப்பு என்று கிளம்புகிறவர்களுக்கு இது வெறும் மொழிப் பாடம் இல்லை. அங்கே தரும் குடியிருப்பு அட்டையில், பாஸ்போர்ட்டில் இருக்கிற ரோமன் எழுத்துதான் அப்படியே ஏறும். வங்கி போன்ற இடங்களில் 'கதகனா' எழுத்திலும் பெயர் கேட்பார்கள். யாழினி என்று வைத்துக்கொள்வோம். 'இசட்-எச்'சைப் பார்த்து எழுதினால் 'யாஜினி' ஆகலாம். உங்க வாயால் சொல்லிக் காட்டினால், 'ழ' இல்லாத அந்த மொழியில் 'யாரினி' வரலாம். அதாவது ஓரளவாவது பக்கத்தில் வரும். அதனால கதகனாவை எழுத்தைப் பார்த்து எழுத விடாதீங்க, சொல்லிக் காட்டி எழுத வைங்க.

நெடில் விஷயத்தில் நமக்கு ஒரு ஆறுதல் உண்டு. 'ஓனோ', 'ஒனோ' என்ற ரெண்டு ஜப்பானியக் குடும்பப் பெயர்களும் பாஸ்போர்ட்டில் ஒரே மாதிரிதான் வரும். வேண்டுமானால் நெடிலுக்கு 'ஓ-எச்' என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

சரி, 'ழ'வுக்கு 'இசட்-எச்' சரியா, 'எல்' சரியா? ரெண்டுமே சரிதான், எந்தக் காதுக்கு என்பதுதான் வித்தியாசம். ஆனால் மார்க் ஷீட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று இருந்தால், ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே அலைய வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்னாடி, எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்து ஒரு தடவை எழுத்துக்கூட்டி வாசிச்சுப் பாருங்க!