பாரமும் பசியும்

கேகாலை இறப்பர்த் தோட்டமொன்றில் வாழும் என் மாணவன், பேணிகளிற் சீமெந்து வார்த்து எடைகள் செய்துகொண்டான். பத்து முறை வீதம் பத்துச் சுற்று. ஆக நூறு தூக்கு. மேலைநாட்டார் ‘ஜெர்மன் முறை’ என்பது இதுவே. அதனை அவன் நாள்தோறும் செய்தான்.

“மூன்று மாதமாயிற்று, தோள் திரளவில்லையே, ஐயா!” என்றான்.

“இரவில் என்ன உண்கிறாய், தம்பி?”

“ரொட்டியும் சம்பலும்.”

பாரம் தசையைத் தூண்டுமேயன்றித் தானே வளர்க்காது. வளர்ப்பன பருப்பு, முட்டை, மீன் முதலிய புரதவுணவும், உறக்கமும், உழைத்த தசைக்கு ஓரிரு நாள் ஓய்வுமே. வள்ளுவரும் ‘மருந்து’ அதிகாரத்தில் உணவையன்றோ பெரிதும் பேசினார்!

சொல்லும்போதே என் நாக் கூசிற்று; அவ்வீட்டில் முட்டை வாங்குதல் எளிதோ? அவன் தந்தை பால்வாளி சுமந்தே மெலிந்தவர். சுமை ஒன்றே தசை தருமாயின், சப்பிரகமுவத் தோட்டங்களெல்லாம் வீமர்களால் நிறைந்திருக்குமன்றோ?