ரக்பி பழகும் பிள்ளைக்கு வேண்டிய உபகரணங்கள்

2025ஆம் வருஷம் ஜூன் மாதம் மும்பையில் முதன்முறையாக நடந்த ரக்பி பிரீமியர் லீக் பந்தயத்தில் ஹைதராபாத் ஹீரோஸ் என்ற அணி களம் கண்டதும், முடிவில் சென்னை புல்ஸ் அணி கோப்பையைப் பெற்றதும், இவ்விரு நகரங்களோடும் உறவு பூண்டு, ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவிலே வாழ்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி தரத்தக்க செய்திகளாகும். அந்த ஆட்டத்தைக் கண்டு உற்சாகம் கொண்ட பிள்ளை தானும் ஆட வேண்டும் என்று கேட்கும்போது, எதை வாங்கித் தருவது, எதை வாங்காமல் விடுவது என்ற சந்தேகம் பெற்றோருக்கு எழுவது இயல்பே.

ரக்பி நம் தேசத்துக்குப் புதியதன்று. 1872ஆம் வருஷக் கிறிஸ்துமஸ் தினத்தன்றே கல்கத்தாவில் அது ஆடப்பட்டது. அதையொட்டித் தோன்றிய சங்கம் சில வருஷங்களில் கலைய நேர்ந்தபோது, அதன் அங்கத்தினர் எஞ்சிய பணத்தை வெள்ளி ரூபாய்களாகப் பெற்று, உருக்கி, நாகப்பாம்புக் கைப்பிடிகளும் மூடியின் மேல் யானையும் அமைந்த ஒரு கிண்ணமாகச் செய்வித்தனர். அந்தக் கல்கத்தாக் கிண்ணத்துக்காகத்தான் 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் போட்டியிட்டு வருகின்றன.

நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம், ஆனால் கையால் முன்னோக்கி எறியலாகாது என்பது இவ்வாட்டத்தின் அடிப்படை விதி. பந்தோடு ஓடி வருபவரை, கபடியில் பாடி வருபவரை மடக்குவது போல, எதிரணியார் கட்டிப் பிடித்து வீழ்த்துவதற்கு டாக்கிள் என்று பெயர். இளம் பிள்ளைகளுக்கு எடுத்தவுடன் டாக்கிள் கற்பிப்பதில்லை. இடுப்புப் பட்டையில் ஒட்டித் தொங்கும் இரண்டு நாடாக்களில் ஒன்றை எதிராளி உருவிவிட்டால் பிடிபட்டதாகக் கொள்ளும் டேக் ரக்பியில்தான் அவர்கள் தொடங்குகிறார்கள். அந்தக் கட்டத்தில் தளர்வான பனியனும், அரைக்கால் சட்டையும், பொருத்தமான காலணியும் இருந்தால் போதும்.

காலணியைத் தேர்ந்தெடுக்கும் முன் மண்ணைப் பார்க்க வேண்டும். பட்டான்செருவில் 1972இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் என்னும் சர்வதேசப் பயிராராய்ச்சி நிலையத்தின் பண்ணையிலே செம்மண்ணும் கரிசலும் ஆகிய இருவகை நிலங்களும் உண்டு. கோடையில் செம்மண் இறுகிக் கல்லைப்போலாகிவிடும். கரிசலோ வெயிலில் வெடித்து, மழையில் குழைந்து காலைப் பற்றிக்கொள்ளும். அடிப்பாகத்தோடு சேர்ந்து வார்த்த, ஸ்டட்கள் எனப்படும் குட்டையான பல முளைகள் கொண்ட காலணி இறுகிய தரைக்கு ஏற்றது. திருகிப் பொருத்தும் நீண்ட உலோக ஸ்டட்கள் ஈரமான மெத்தென்ற புல்தரைக்கே உரியவை. விதிகள் 21 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள ஸ்டட்களை அனுமதித்தாலும், கெட்டித் தரையில் அவை புதையாமல் நிற்பதால், உடலின் பாரமெல்லாம் சில புள்ளிகளில் குவிந்து, இன்னும் எலும்பாக முற்றாத குழந்தைக் குதிகாலை வருத்தும்.

வளரும் பிள்ளைதானே என்று ஓரளவு பெரிதாக வாங்கும் சிக்கன வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பள்ளிச் சீருடைக்கு அது பொருந்தலாம்; ரக்பிக் காலணிக்குப் பொருந்தாது. காலுறையோடு அணிந்து பார்க்கையில் விரல்நுனிக்கு முன்னே சிறிது இடமிருக்கலாமேயன்றிக் குதிகால் நழுவலாகாது. நழுவினால் திடீரென்று திசை திரும்பும்போது கணுக்கால் பிசகும்.

டாக்கிள் பழகத் தொடங்கும் நாளுக்கு முன்பே வாங்க வேண்டிய இன்றியமையாத பொருள் பல்காப்பு. வெந்நீரில் இட்டு இளக்கி, வாயில் வைத்துக் கடித்துப் பல்வரிசையின் அச்சைப் பதித்துக்கொள்ளும் வகை கடைகளில் கிடைக்கிறது. பல் வைத்தியரிடம் அச்செடுத்துச் செய்வித்தால் பொருத்தம் இன்னும் சிறக்கும். ஏறத்தாழ 6 வயது முதல் 12 வயது வரை பால்பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் முளைப்பதால், சென்ற வருஷத்துக் காப்பு இவ்வருஷம் பொருந்தும் என்று நம்பலாகாது.

முற்காலத்தில் கனத்த பருத்தியால் ஆன ஜெர்சி இப்போது வியர்வை விரைவில் உலரும் பாலியெஸ்டராக மாறியிருப்பது, 40 டிகிரியைத் தாண்டும் இவ்வூர்க் கோடைக்குப் பெரிய உபகாரம். அரைக்கால் சட்டையில் பை இருத்தலாகாது. பிடிக்க வருபவரின் விரல் அதில் சிக்கி முறியக்கூடும். ஜிப்பு, பக்கிள் போன்ற கடினமான பொருள்களையும், நகைகளையும் விதிகள் விலக்குகின்றன. ஆதலால் காதணி, காப்பு, வளையல், அரைஞாண், தாயத்து ஆகியவற்றை, பிரியத்தோடும் பக்தியோடும் அணிவித்தவையாயினும், மைதானத்துக்குப் போகுமுன் கழற்றிவிட வேண்டும்.

ஸ்க்ரம் கேப் என்ற மென்மையான தலைக்கவசமும், தோள்பட்டைத் திண்டும் பெற்றோர் மனத்தைக் கவர்வன. காதும் தலைத்தோலும் கிழியாமல் காப்பதில் தலைக்கவசத்துக்குப் பிரயோஜனம் உண்டு. ஆனால் மோதலில் மூளை குலுங்குவதை அது தடுப்பதாக, ஆஸ்திரேலிய இளைஞர்களிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளியான விரிவான பரிசோதனையில் தெரியவில்லை. கவசம் இருக்கிறதென்ற தைரியத்தில் பிள்ளை தலையை முன்னே நீட்டிப் பாய்ந்தால், பாதுகாப்பே அபாயமாகிவிடும். தலையில் அடிபட்டு மயக்கம், தடுமாற்றம், குமட்டல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே ஆட்டத்திலிருந்து விலக்கி வைத்தியரிடம் காட்டுவதே உத்தமம்.

வீட்டில் பழக ஒரு பந்து வாங்கினால், அதுவும் கைக்கு அடங்குவதாக இருக்கட்டும். 9 வயதுக்குட்பட்டவர்களுக்கு 3ஆம் எண்ணும், அதற்கு மேல் 14 வயது வரை 4ஆம் எண்ணும் பொதுவழக்கு. பெரியவர்களுக்கான 5ஆம் எண் பந்து 410 முதல் 460 கிராம் வரை எடையுள்ளது. பஞ்சாபின் ஜாலந்தரில் தைக்கப்படும் ரக்பிப் பந்துகள் அயல்நாடுகளுக்கும் செல்வதால், நல்ல பந்துக்காக இறக்குமதியை நாட வேண்டியதில்லை.

ஆக, முதலில் காலணி, டாக்கிளுக்கு முன் பல்காப்பு, மற்றவை ஆர்வம் நிலைத்த பிறகு என்பதே செலவின் முறை. பொருள்களின் விலையை விசாரிக்கும் அதே சிரத்தையோடு பயிற்சியாளரிடமும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: பிடிக்கும்போது தலையை எந்தப் பக்கம் வைக்கக் கற்பிக்கிறீர்கள்? அடிபட்ட பிள்ளையை எப்போது மறுபடி ஆட விடுவீர்கள்? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்தால் மேற்சொன்ன சில பொருள்களே போதுமானவை. கிடைக்காவிடில், எத்தனை உயர்ந்த சாமான்கள் வாங்கினாலும் அந்தக் குறையை நிரப்ப இயலாது.