ரிங்லெட்டில் கொஞ்சம் இறங்குங்கள்

கேமரன் மலைக்கு வரும் விருந்தினர்களில் பலர் ரிங்லெட்டைக் கார் கண்ணாடி வழியாக மட்டுமே பார்க்கிறார்கள். தாப்பாவிலிருந்து வளைந்து ஏறும் சாலையில் முதலில் வரும் சிற்றூர் இதுதான். ஸ்ட்ராபெரி தோட்டமும் இரவுச் சந்தையும் தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் இருப்பதால், இங்கே பசியாறிவிட்டு மேலே ஏறிவிடுகிறார்கள்.

பள்ளி விடுமுறை நெருங்கினாலே என் பல்கலைக்கழகத் தோழிகள், "உங்க ஊர்ல ரெண்டு நாள் தங்கினா என்ன பார்க்கலாம்?" என்று கேட்பார்கள். ரிங்லெட்டில் பிறந்து வளர்ந்தவள் என்ற முறையில் அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

காலை: தேயிலைத் தோட்டம்

முதல் நாள் காலையைத் தேயிலைக்கு ஒதுக்குங்கள். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ நிறுவனத்தின் முதல் தோட்டம் ரிங்லெட்டை அடுத்த ஹாபு பகுதியில்தான் இருக்கிறது. பனி விலகும் முன்பே போய்விட்டால் கூட்டமும் இருக்காது, வெயிலும் இருக்காது. பாதை மிகக் குறுகலானது. எதிரில் லோரி வந்தால் ஒதுங்க இடம் பார்த்து ஓட்ட வேண்டும். திங்கட்கிழமைகளில் பொதுவாகப் பார்வையாளர்களுக்கு விடுமுறை என்பதால் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். தானா ராத்தா போகும் வழியில், 1933இல் தொடங்கப்பட்ட பாரத் நிறுவனத்தின் கேமரன் வேலித் தோட்டமும் உண்டு. சாலையோரத் தேநீர்க் கடையில் அமர்ந்தபடியே பள்ளத்தாக்கைப் பார்க்கலாம்.

படம் எடுப்பதோடு நின்றுவிடாமல், தேயிலை எப்படித் தேநீராகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பறித்த கொழுந்தை முதலில் வாட்டுகிறார்கள். பிறகு இயந்திரத்தில் உருட்டி இலையைக் கசக்குகிறார்கள். கசங்கிய இலையில் காற்று பட்டதும் பச்சை நிறம் செம்பாக மாறுகிறது. வெட்டிவைத்த ஆப்பிள் பழுப்பாவதும் இதே ஆக்சிஜனேற்றத்தால்தான். அதன் பின் சூடேற்றி உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு இது நல்ல அறிவியல் பாடம்.

அங்கே உங்கள் பார்வையில் படாத ஒன்றும் உண்டு. 1931 வாக்கில் தாப்பா சாலை திறந்த பிறகுதான் இந்த மலையில் தோட்டங்கள் பெருகின. முதலாளிமார் பெயர்களை எந்தப் புத்தகத்திலும் தேடி எடுத்துவிடலாம். காட்டை வெட்டி, நாற்று நட்டு, லயத்தில் வாழ்ந்த தமிழர்களின் பெயர்கள் அவரவர் குடும்ப நினைவில்தான் இருக்கின்றன.

என் பாட்டி முப்பது வருடத்துக்கும் மேலாகக் கொழுந்து பறித்தவர். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, முதுகில் கூடையோடு சரிவில் ஏறுவாராம். இன்று அந்த வேலையைக் கத்தரியும் இயந்திரமும் செய்கின்றன; கைகளும் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுடையவை. "படம் எடுத்தவங்க நிறைய பேரு. பேரு கேட்டவங்கதான் இல்ல" என்று பாட்டி சிரித்துக்கொண்டே சொல்வார். தோட்டத்தில் ஒரு தொழிலாளியைப் படம் எடுக்க நினைத்தால் முதலில் அனுமதி கேளுங்கள். அப்படியே அவர் பெயரையும் கேளுங்கள்.

மதியம்: ஏரியும் அணைக்கட்டும்

ரிங்லெட் ஏரியை இயற்கை ஏரி என்று நினைத்துவிட வேண்டாம். 1960களின் தொடக்கத்தில் நீர்மின் திட்டத்துக்காகப் பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே கட்டிய சுல்தான் அபு பக்கார் அணைக்கட்டினால் உண்டான நீர்த்தேக்கம் இது. பகாங்கில் தேங்கும் இந்தத் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்க வழியாகப் பேராக்கிலுள்ள மின்நிலையத்துக்கு இறங்குகிறது.

நல்ல மழைக்கு மறுநாள் போனால் ஏரி தே தாரேக் நிறத்தில் கலங்கியிருக்கும். மேலே காய்கறித் தோட்டங்களுக்காக மலைச்சரிவுகளை வெட்டும்போது மண் கரைந்து ஆற்றில் இறங்குகிறது. அது ஏரியின் அடியில் சேறாகப் படிகிறது. சேறு நிறைய நிறைய, மழைநீரைத் தாங்கும் இடம் குறைகிறது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, கீழே பெர்த்தாம் வேலியில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. நாம் மலிவாக வாங்கிப் போகும் முட்டைக்கோசுக்கும் இந்தச் சேற்றுக்கும் தொடர்பு உண்டு. புவியியல் ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்து வந்து மண்ணரிப்பைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இறங்கும் வழியில்

திரும்பும்போது தாப்பா சாலையில் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியில் நிறுத்துங்கள். சாலையோரத்தில் பூர்வக்குடியினர் காட்டுத் தேனும் பெத்தாயும் விற்பார்கள். நமக்கெல்லாம் முன்பே இந்த மலையை அறிந்தவர்கள் அவர்கள். அடிமாட்டு விலைக்குப் பேரம் பேச வேண்டாம்.

சில குறிப்புகள்: மழைக்கோட்டு கட்டாயம் வேண்டும், பிற்பகலில் அடிக்கடி மழை பிடித்துக்கொள்ளும். காட்டுப் பாதையில் அட்டை இருக்கும், வழி தெரிந்தவர் இல்லாமல் இறங்காதீர்கள். காய்கறித் தோட்டங்களுக்குள் கேட்காமல் நுழையாதீர்கள், மருந்து தெளித்திருக்கக்கூடும். வளைவில் காரை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.

கடைசியாக என் வயதினருக்கு ஒரு வார்த்தை. ஐந்தாம் படிவம் முடித்ததும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வேலை தேடிப் போகிறார்கள். இதே ஊருக்கு வெளியூர் வழிகாட்டிகள் வேன் நிறைய ஆட்களைக் கூட்டி வந்து கதை சொல்கிறார்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பேசி, தோட்டத்துக் கதையை வீட்டுக் கதையாகச் சொல்லக்கூடியவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். முறையாகப் பயிற்சி பெற்று உரிமம் எடுத்தால் சுற்றுலா வழிகாட்டி வேலை நமக்கும் கிடைக்கும்.

அதற்கு முதலில் கேட்பதற்கு ஆள் வேண்டும். அடுத்த விடுமுறையில் பள்ளிச் சுற்றுலாவோ குடும்பப் பயணமோ, கேமரன் மலை என்று முடிவானால் ரிங்லெட்டில் அரை நாள் நிறுத்துங்கள். தோட்டத்துப் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேநீர் குடியுங்கள். மிச்சத்தை அவரே சொல்வார்.